எட்டாவது வரியில் நிற்கிறவள்

முத்துலட்சுமி டீச்சர் அந்தப் பாட்டை வெட்டியபோது அடுப்பில் குக்கர் இரண்டு விசில் அடித்திருந்தது. மூன்றாவது விசிலுக்குள் வேலை முடிந்துவிட்டது. ஒரு பென்சில், ஒரு நேர்கோடு, அவ்வளவுதான். கோட்டுக்கு மேலே எட்டு வரி, கீழே பன்னிரண்டு வரி. கீழே இருப்பது இந்த வருஷம் வேண்டாம்.

அது கொரோனா வருஷம். பிள்ளைகள் செல்போனில் பாடம் படித்த காலம். அடையாறில் அவள் வேலை பார்த்த பள்ளியில் எல்லாப் பாடத்திலும் முப்பது சதவீதம் குறைக்கச் சொல்லி நிர்வாகத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. தமிழ்த் துறைக்கு அவள்தான் தலைமை. தலைமை என்றால் ஏதோ பட்டாளம் என்று நினைக்க வேண்டாம். அவளையும் சேர்த்து மூன்று பேர். பிரெஞ்சுக்கும் இந்திக்கும் போனது போக, எட்டாம் வகுப்பில் தமிழ் எடுப்பவர்கள் வருஷத்துக்கு முப்பத்தைந்து பேர் தேறினால் பெரிய விஷயம். அவர்களுக்காகப் பள்ளியே ஒரு சின்னச் செய்யுள் புத்தகம் அச்சடித்து வைத்திருந்தது. அதைத் தொகுத்தவளும் அவள்தான், அதனால் குறைக்கிற பொறுப்பும் அவள் தலையில் விழுந்தது.

ஒரு பழைய காவியத்தின் நடுவிலிருந்து எடுத்த பாட்டு அது. இரவில் ஏரிக்கரை உடைகிறது. கரைக் காவல்காரன் தன் மகளை உடைப்பில் நிறுத்தி, நான் வரும்வரை நில் என்று சொல்லிவிட்டு ஊரைக் கூட்டிவர ஓடுகிறான். ஏழாவது எட்டாவது வரிகள் இப்படி வரும்:

கழுத்தள வேறிய கருநீர் தன்னைக்
கைவிரித் தடைத்து நின்றனள் மகளே.

மீதிப் பன்னிரண்டு வரியில் ஊர் வருகிறது, மண் கொட்டுகிறது, கரை நிற்கிறது, அப்பன் மகளுக்குக் கை கொடுத்து மேலே ஏற்றுகிறான். கேள்வித்தாளில் கேட்பது ‘எட்டு வரி அடிமாறாமல் எழுதுக’ என்றுதான். எட்டு வரி போதும் என்றால் எட்டோடு நிறுத்துவதுதானே புத்தி. முத்துலட்சுமி நிறுத்தினாள்.

ஒரு வருஷத்துக்கு என்று குறைத்த பாடம் நம் ஊரில் எங்கே திரும்பி வந்திருக்கிறது? கொரோனா போயிற்று, முகக்கவசம் போயிற்று, பன்னிரண்டு வரி மட்டும் வரவில்லை. புதிய பதிப்பில் அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதியில் ஒரு தாமரைப் பூ படம் போட்டு நிரப்பினார்கள். நாலு செட் பிள்ளைகள் அதைப் படித்து முடித்து மேலே போனார்கள். ஐந்தாவது செட்டில் முத்துலட்சுமியின் மகள் சிந்து எட்டாம் வகுப்புக்கு வந்தாள்.

நவம்பர் மாதம் முத்துலட்சுமி ஒரு பரீட்சை வைத்தாள். பிள்ளைகளைச் சிந்திக்க வைக்கிற கேள்வி ஒன்றாவது கேட்க வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்ததால், பாட்டை எழுதச் சொல்லிவிட்டு, ‘பிறகு என்ன நடந்திருக்கும்? உன் சொந்த நடையில் எழுதுக’ என்று மூன்று மதிப்பெண்ணுக்குப் போட்டிருந்தாள். விடைத்தாள் திருத்த உட்கார்ந்தவளுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. எல்லோரும் ஒரே வாக்கியம் எழுதியிருந்தார்கள். ‘அவள் இன்னும் நிற்கிறாள்.’

முப்பத்திநாலு தாளில் முப்பத்திரண்டில் அது மட்டுமே இருந்தது. காப்பியடித்திருந்தால் ஒரு எழுத்துப் பிழையாவது சேர்ந்து வந்திருக்கும், ஆனால் ஒவ்வொருவரும் அவரவர் பிழையோடு எழுதியிருந்தார்கள். ஸ்நேஹா என்கிற பெண் மட்டும் அதோடு கூட ஒரு வரி சேர்த்திருந்தாள். ‘கை வலிக்கிறது மிஸ்.’ கடைசித் தாள் சிந்துவுடையது. அதில் அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. தாளின் கீழ்ப்பாதி நனைந்து, மை பரவி, விளிம்பில் மெல்லிய சேறு காய்ந்திருந்தது.

மறுநாள் வகுப்பில் நன்றாகத் திட்டினாள். திட்டி முடித்து, சரி, நடந்ததை நானே சொல்கிறேன் என்று கதையின் மீதியைச் சொன்னாள். அப்பா வந்தார், கரையை அடைத்தார்கள், பெண்ணைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார், எல்லாம் சுபம். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டார்கள். ஸ்நேஹாதான் எழுந்து நின்றாள்.

“புக்குல அப்படி இல்லையே மிஸ்.”

புத்தகத்தில் இருப்பதை மட்டும் எழுது, போர்ஷனில் இல்லாததைத் தொடாதே என்று பத்தொன்பது வருஷமாக முத்துலட்சுமிதான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள். பேச்சை மாற்றி, பாட்டைச் சேர்ந்து சொல்லச் சொன்னாள். எட்டாவது வரி வந்ததும் முப்பத்திநாலு பேரின் கைகளும் உடம்பைவிட்டுக் கொஞ்சம் விலகி விரிந்தன. யாரும் சொல்லிக்கொடுக்காத அசைவு அது. ‘மகளே’ என்று நிறுத்தியபின் ஒருவரும் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை. மின்விசிறிச் சத்தத்துக்குக் கீழே, எங்கோ தண்ணீர் ஒழுகுகிற சத்தம் கேட்டது. மணி அடித்த பிறகுதான் கைகள் இறங்கின.

வீட்டிலும் சிந்து நின்றாள். மேற்கு மாம்பலத்தில் அவர்களுடையது கீழ்த்தளத்து வீடு. சாயங்காலம் குழாயைத் திறந்துவிட்டு, குளியலறை வாசலில் இரண்டு பக்க நிலையையும் கையால் பற்றிக்கொண்டு நிற்பாள். என்னட்டி செய்யுதே என்று கேட்டால், “நகந்தா வந்துடும்மா” என்பாள். எது வரும் என்றால் நிலையை இன்னும் இறுக்கிப் பிடிப்பாள். பதினைந்து நிமிஷமாக இருந்தது ஒரு மணி நேரமாயிற்று. டாக்டர் தோள்பட்டையை அமுக்கிப் பார்த்துக் கால்சியம் மாத்திரை எழுதினார். தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த முத்துலட்சுமியின் புருஷன் செந்தில்குமார், பாட்டுப் படித்ததற்கே கை பிடித்துக்கொண்டால் கணக்குப் படித்தால் என்ன ஆகுமோ என்று சிரித்துவிட்டுக் கடைக்குப் போனான். முத்துலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. தூங்கும்போதும் மகளின் கைகள் விரிந்தே இருப்பதை அவள் பார்த்திருந்தாள். ஒரு நாள் காலையில் அவற்றை மடக்கப் பார்த்தபோது கட்டையாக இருந்தன, சில்லென்றும் இருந்தன.

விஷயத்தைப் போட்டு உடைத்தது கணக்கு வாத்தியார் சாய்நாத். மயிலாப்பூர்க்காரர், ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலி. தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, அவள் சொல்லிக்காட்டிய அந்த எட்டு வரியைக் கேட்டுவிட்டுக் கையை அப்படியே நிறுத்தினார்.

“இதோட முடிச்சுட்டேளா? எங்காத்துல பாராயணம் பண்றச்சே, யாராவது கஷ்டத்துல மாட்டிண்டு இருக்கற எடத்துல புஸ்தகத்த மூடவே மாட்டா. பசிச்சாலும் சரி, அவாளைக் கரையேத்தி விட்டுட்டுத்தான் எழுந்துப்பா. நடுவுல மூடினா அவா அங்கயே நிக்கணுமோன்னோ?”

சொல்லிவிட்டு அவர் ஊறுகாயை நக்கினார். முத்துலட்சுமி தன் டப்பாவை மூடி வைத்தாள். ஐந்து வருஷம். வருஷத்துக்கு முப்பத்தைந்து வாய். வகுப்பிலும் வீட்டிலும் பஸ்ஸிலும் மனப்பாடம் பண்ணிப் பண்ணி, அந்தப் பெண்ணைத் தினமும் உடைப்பில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, புத்தகத்தை மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். நிறுத்தச் சொன்னவள் அவள்தான்.

சரி, மீதியைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தாள். பதினொரு வருஷம் முழுப் பாட்டையும் நடத்தியவளுக்கு அது என்ன பிரமாதம்? கழிப்பறைக் கண்ணாடி முன் நின்று முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். ‘நின்றனள் மகளே’ வந்தது. வாய் நின்றுவிட்டது. ஒன்பதாவது வரியின் முதல் சொல் நாக்கின் நுனியில்கூட இல்லை. மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி அங்கேயே நின்றாள். ஏழாவது தடவை கண்ணாடியில் தன் இரண்டு கைகளும் விரிந்திருப்பதைப் பார்த்துவிட்டு வெளியே ஓடிவந்தாள்.

பழைய புத்தகங்கள் எடைக்குப் போயிருந்தன. நூலகத்தின் தமிழ் அலமாரி இருந்த இடத்தில் இப்போது கணினி இருந்தது. அவளுடைய பழைய பிரதியில் அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதி கரையான் தின்றிருந்தது. இணையத்தில் வினாவிடைக்காரர்கள் அத்தனை பேரும் எட்டு வரியோடுதான் நிறுத்தியிருந்தார்கள். முழுக் காவியத்தைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. அவளே பார்த்ததில்லை, எம்.ஏ.வுக்கே அதில் நாற்பது பாட்டுத்தான் போர்ஷன். கொரோனாவுக்கு முன்னால் முழுப் பாட்டையும் படித்துத் தமிழில் நூற்றுக்கு நூறு வாங்கிய பழைய மாணவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டாள். ஒருத்தி பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்தாள். அதெல்லாம் பரீட்சையோடு போயிற்று மிஸ் என்று பாசமாகச் சொன்னாள். மற்றவர்களும் அதையேதான் வேறு வேறு விதமாகச் சொன்னார்கள்.

டிசம்பரில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டாவது நாள் மத்தியானமே பள்ளியை விட்டுவிட்டார்கள். பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டு நிற்கும்போதுதான் அவளுக்கு உபைத் ஞாபகம் வந்தான். கடைசி பெஞ்சு உபைத். பத்து வருஷத்துக்கு முன்னால் இதே பாட்டை ஒப்பிக்காததற்காக ஐம்பது தடவை எழுதிவரச் சொல்லி இம்போசிஷன் கொடுத்தாள். எழுதிக்கொண்டும் வந்தான். அந்த வருஷம் தமிழில் பெயிலும் ஆனான். இப்போது ஈக்காட்டுத்தாங்கலில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள்.

சிந்துவை வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கச் சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்துப் போனாள். பட்டறையில் தகரக் கூரை மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. உபைத் கிரீஸ் கையோடு எழுந்து வந்து, முதலில் பயந்துதான் போனான்.

“இன்னா மிஸ், இந்த மழைல?”

அவள் பாட்டைச் சொன்னாள். எட்டாவது வரியில் நின்றாள். உபைத் ரொம்பச் சாதாரணமாக, ‘ஊரொடு மீண்ட தந்தை கண்டனன்’ என்று எடுத்து, கடைசிவரை மளமளவென்று சொல்லி முடித்தான். முத்துலட்சுமி பக்கத்திலிருந்த இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள்.

“அம்பது தபா எழுத வெச்சீங்களே மிஸ், எப்டி மறக்கும்? மரை வெட்டறப்ப இத்தத்தான் சொல்லிக்கினு இருப்பேன். ஒரு மரைக்கு இருபது வரி, கரீட்டா கீது. பாதில நிறுத்தினா மரை கெட்டுப்பூடும்.”

அவள் போனில் பதிவு செய்துகொள்ளப் பார்த்தாள். ஓட்டிக் கேட்டால் எட்டு வரிக்கு மேல் தண்ணீர் சத்தம்தான் இருந்தது. கூரை மழையாகத்தான் இருக்கும் என்று உபைத் சொன்னான். சொன்னவன், வேலை விவரம் எழுதுகிற ஜாப் கார்டு ஒன்றைத் திருப்பிப்போட்டு, காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு குனிந்தான். ஐம்பத்தோராவது தடவை மிஸ் என்று சிரித்தான். பள்ளியில் அவனைத் தான் படுத்திய பாடு அத்தனையும் அப்போது முத்துலட்சுமிக்கு ஞாபகம் வந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தாள், அவன் எழுதுவதில் மும்முரமாக இருந்தான். எழுதியதை போல்ட் வந்த பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்து, தன் பைக்கிலேயே கொண்டுவந்து தெருமுனையில் விட்டான்.

மணி ஐந்துகூட ஆகவில்லை, தெரு இருட்டியிருந்தது. முழங்காலுக்கு மேல் தண்ணீர். கரண்டு இல்லை. செந்தில்குமார் கடையில் மாட்டிக்கொண்டு, சரக்கை மேலே ஏற்றிக்கொண்டிருப்பதாகச் சொல்லியிருந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டை அடைந்தவள், வாசலைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

கதவு திறந்திருந்தது. சிந்து வாசலில், இரண்டு நிலையிலும் உள்ளங்கையை ஊன்றி, கை விரித்து நின்றாள். தெருத் தண்ணீர் படியைத் தாண்டி அவள் முழங்கால் வரைக்கும் ஏறியிருந்தது. முழங்காலுக்குப் பின்னால் தண்ணீர் இல்லை. அவளுக்குப் பின்னால் கூடத்துத் தரை காய்ந்து கிடந்தது. காலையில் போட்ட செய்தித்தாள் போட்ட இடத்திலேயே இருந்தது. முன்னால் தண்ணீர் ஒரு முழ உயரத்துக்கு, எதுவும் தடுக்காமலே, செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது.

“சிந்து, கையை எடுட்டி.”

“நகந்தா வந்துடும்மா.” பல் கிட்டிய குரல். உதடு நீலமாக இருந்தது. “அப்பா வர்ற வரைக்கும் நிக்கச் சொல்லியிருக்காங்க.”

முத்துலட்சுமி மகளின் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். நிலையோடு ஆணி அடித்த கட்டையைப் போல அசையவில்லை. வாசலை ஒட்டி மாடிக்குப் போகிற படிக்கட்டு இருந்தது. அதன் நாலாவது படியில் ஏறி நின்று, உறையைப் பல்லால் கிழித்து, போன் வெளிச்சத்தில் உபைத்தின் கோணல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். ஏழு போயிற்று. எட்டில் வழக்கம்போல வாய் நின்றது. தொண்டைக்குள் தண்ணீர் ஏறுவது போல இருந்தது. கண்ணை அடுத்த வரியின் மேல் வைத்து, எழுத்துக்கூட்டி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் போலப் படித்தாள். ஊ-ரொ-டு மீண்ட. வந்தது. பத்தாவது வரி தானாக வந்தது. ஊர் வந்தது, மண் வந்தது, பதினெட்டு வந்தது. கடைசி இரண்டு வரிக்குப் பேப்பரே வேண்டியிருக்கவில்லை. வகுப்பில் அந்தக் காலத்தில் நடித்துக் காட்டுவாளே, அதே மாதிரி குனிந்து வலது கையைக் கீழே நீட்டினாள்.

போதும் மகளே, கரைநிலை கொண்டது,
ஏறி வாவெனக் கைகொடுத் தனனே.

ஒரு கை அவள் கையைப் பிடித்தது. சின்னக் கை. ஊறிச் சுருங்கிய விரல்கள், நகக்கண்ணில் களிமண். அது இறுக்கிய இறுக்கில் எலும்பு வலித்தது. முத்துலட்சுமி சந்தோஷத்தில், கண்ணே என்று சொல்லிக்கொண்டே சிந்துவைப் பார்த்தாள்.

சிந்துவின் இரண்டு கைகளும் நிலையில்தான் இருந்தன.

விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. ஆனால் நிறுத்தி வைத்தவள் அவள். கண்ணை மூடிக்கொண்டு, இழுத்தாள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் பாரம். அது தண்ணீரைவிட்டு மேலே வந்தது, அவள் பக்கத்தில் படியில் நின்றது, ஈரமாக அவள் இடுப்பை உரசிக்கொண்டு மேலே போனது. கை லேசாயிற்று.

அப்போதுதான் சிந்துவின் கைகள் இறங்கின. நின்றுகொண்டிருந்த தண்ணீர் மொத்தமாக வீட்டுக்குள் விழுந்தது. செய்தித்தாள், செருப்பு, அரிசி டப்பா, புதுசாக வாங்கிய மெத்தை எல்லாவற்றையும் அது சுழற்றிக்கொண்டு போனதை முத்துலட்சுமி பார்த்தாள். போனால் போகட்டும் என்று மகளை அள்ளிக்கொண்டு படியேறினாள். காய்ந்திருந்த மேல்படிகளில் அவர்களுக்கு முன்னால் சின்னப் பாதங்களின் ஈரச்சுவடு ஏறிப் போயிருந்தது. திருப்பத்துக்கு மேல் அது இல்லை.

மாடி வீட்டுக்காரர்கள் கொடுத்த துண்டில் சிந்துவைச் சுற்றிப் படியிலேயே உட்கார வைத்தாள். வெகு நேரம் தோளை அமுக்கிவிட்டாள். சிந்துவுக்கு நிறம் திரும்பி, பேச்சு வந்தது.

“அந்தக் கடைசி வரிலாம் போர்ஷனாம்மா?”

“ஆமா. எல்லாம் போர்ஷன்தான்.”

சிந்து தலையாட்டிவிட்டு, கைகளை மடியில் மடக்கிக்கொண்டு தூங்கிப்போனாள். தூங்கும் மகளின் மடங்கிய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மற்றவர்கள் நினைவு முத்துலட்சுமிக்கு வந்தது. இந்த வகுப்பில் மீதி முப்பத்துமூன்று பேர். அதற்கு முன்னால் நாலு செட். நூற்றைம்பது பேருக்கு மேல் இருக்கும். ஏறிப்போனது சிந்துவோடு நின்றவள் மட்டும்தானா? போனில் முப்பது சதவீதம் சார்ஜ் இருந்தது. பழைய வகுப்புக் குழுக்களைத் தேடி, கொரோனா வருஷத்துப் பட்டியலை எடுத்தாள். முதல் பெயர் சுஹாஸ். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு, பெசன்ட் நகரில் வீடு. அவன் அம்மாதான் எடுத்தாள்.

தான் யார் என்று சொல்லிவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டாள். “சுஹாஸ் எங்கயாவது வாசல்ல நிக்கறானா?”

மறுமுனையில் மழைச் சத்தத்தோடு பதில் வந்தது.

“பால்கனிக் கதவுல நிக்கறான் மிஸ். மத்தியானத்துலேர்ந்து நிக்கறான், கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டேங்கறான்.” அந்த அம்மாவின் குரல் உடைந்தது. “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“போனை அவன் காதுல வைங்க” என்றாள் முத்துலட்சுமி. நனைந்த ஜாப் கார்டை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.